மாப்பிள்ளைக்கு ஐந்து கோடு, பெரியப்பாவுக்கு இரண்டு

1

இந்த ஆவணியோடு நான் மைசூருக்கு வந்து இருபத்தைந்து வருடம் நிறைகிறது. அருப்புக்கோட்டையில் நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்காக, அயலில் வாழும் அனுபவத்தை எழுதும்படி செயலாளரிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டாவது கடிதத்தின் அடியில், "துபாய்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் எட்டுப் பக்கம் எழுதுகிறார்கள். நீ மைசூர்தானே, நாலு பக்கம் போதும்" என்று ஒரு குத்தும் இருந்தது.

மைசூர் வெளிநாடு இல்லை என்பது எனக்கும் தெரியும். இங்கே வர பாஸ்போர்ட் வேண்டாம். ஆனால் பஸ்ஸின் போர்டைப் படிக்கத் தெரியாமல், ஹெப்பாள் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டியவன் முதல் நாளே ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போய் இறங்கினேன். வேலையில் சேர வேண்டிய நேரத்தில் ரங்கநாதரைச் சேவித்துக்கொண்டிருந்தேன். பதினோரு வருடம் பள்ளிக்கூடம் போனவன் ஒரே நாளில் கைநாட்டு ஆகிவிட்டால் அதற்கு வெளிநாடு என்றுதான் பெயர். செயலாளர் எனக்கு இன்னும் இரண்டு பக்கமாவது கூட்டிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, சத்தம். நம் தெருக்களில் தறி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் உப்பு கேட்பதானாலும் தறிக்கு மேலே குரலை ஏற்றித்தான் கேட்போம். நானும் என் மனைவி கமலாவும் இங்கே குடிவந்த முதல் வாரம், காப்பிக்குச் சர்க்கரை போதுமா என்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, சண்டை முற்றிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து வீட்டு அம்மா சமாதானம் செய்ய வந்துவிட்டார். அவர்தான் சாவித்திரம்மா. கன்னடக்காரர். அன்றைக்கு வந்தவர் இன்றைக்கு வரைக்கும் எங்கள் வீட்டு விஷயங்களைவிட்டு வெளியே போகவில்லை.

வெள்ளிவிழாவையொட்டி நான் ஒரு செல்போன் வாங்கினேன். துபாய்க்காரர்கள் சிரிக்கக்கூடும். அதை வாங்கிய கதையைச் சொன்னால் இருபத்தைந்து வருடத்தையும் சொன்ன மாதிரிதான், ஆகவே அதையே எழுதுகிறேன்.

2

எங்களுக்கு ஒரே மகன், செந்தில். சரக்குக் கப்பலில் எஞ்சினியர். இரண்டு வருடமாகத் தண்ணீரில்தான் குடித்தனம். கப்பல் துறைமுகத்தைப் பிடித்தால் இறங்கிப் போய் ஒரு கார்டு வாங்கி வீட்டுக்கு போன் பண்ணுவான். அது மாதம் ஒரு முறையும் இருக்கும், இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் இருக்கும். நாங்கள் அவனைக் கூப்பிட வழி கிடையாது. அவன் கூப்பிடும்போது நாம் இருந்தால் உண்டு.

கூப்பிடுவதற்கு எங்கள் வீட்டில் போன் வேண்டுமே. விண்ணப்பம் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது. டெலிபோன் ஆபீசுக்குப் போய்க் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் சிரித்த முகத்தோடு, "நோடோணா சார்" என்பார். பார்ப்போம் என்று அர்த்தம். நம் ஊர் ஆபீசாக இருந்தால் "இப்போதைக்கு ஆகாதுய்யா, போ" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லி அனுப்பியிருப்பார்கள். வலிக்கும், ஆனால் வேறு வேலையைப் பார்க்கலாம். இங்கே யாரும் ஆகாது என்று சொல்வதில்லை. நோடோணா என்றாலே ஆகாது என்பதுதான் என்று எனக்குப் புரிய நாலு வருடம் பிடித்தது.

ஆகவே எல்லாரையும் போல நாங்களும் பி.பி. நம்பர் வைத்திருந்தோம். அதாவது சாவித்திரம்மா வீட்டு நம்பரை எழுதி, பக்கத்தில் பி.பி. என்று போட்டுக்கொள்வது. செந்தில் கூப்பிட்டால் சாவித்திரம்மா கொல்லைப்பக்கம் வந்து, இரண்டு வீட்டுக்கும் பொதுவான மதிலில் எங்கள் துவைக்கிற கல்லுக்கு நேரே நின்று, "கமலம்மா, போன் பந்திதே" என்று குரல் கொடுப்பார். கமலா கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வழியாகச் சுற்றி ஓடுவாள். அவள் போய்ச் சேருவதற்குள் செந்திலின் கார்டில் பாதி தீர்ந்திருக்கும். காரணம், அதுவரைக்கும் சாவித்திரம்மா அவனோடு பேசிக்கொண்டிருப்பார். இருவரும் கன்னடத்தில் பேசினால் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருக்கும். எங்களோடு பேசும்போது அவன் தமிழுக்கு நடுவில் நின்று நின்று மூச்சு வாங்குவான்.

பையனைக் குறை சொல்லவில்லை. அவன் படித்தது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில். கன்னடமும் இங்கிலீஷும் எழுதுவான், கப்பலிலிருந்து சாவித்திரம்மாவுக்குக் கன்னடத்தில் பண்டிகை வாழ்த்துகூட வரும். தமிழ் பேசுவான், ஒரு எழுத்து எழுதவோ படிக்கவோ வராது. கமலாவுக்கோ தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. குற்றவாளி நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை தமிழ் சொல்லித் தருகிறேன் என்று அவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி முடிக்கும்வரை சொல்லிவந்தேன். அந்த வகையில் நானும் நோடோணா ஆள்தான்.

இப்படியாக ஓடிக்கொண்டிருந்த பி.பி. ஏற்பாட்டில் போன வருடம் மண் விழுந்தது. சாவித்திரம்மாவின் கணவர் நாகராஜ ராவ் பாங்கிலிருந்து ஓய்வு பெற்று, வந்த பணத்தில் கம்ப்யூட்டர் வாங்கி, டெலிபோன் லைனில் இன்டர்நெட்டை மாட்டிவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் மகள் குழந்தையின் போட்டோவை அனுப்புவாள். அது மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இறங்கும். பத்து மணிக்கு ஆரம்பித்தால் பதினொன்றுக்குப் புருவம் தெரியும். மூக்கு வருவதற்குள் லைன் அறுந்துபோகும். ராவ் சலிக்காமல் மறுபடியும் தலைமுடியிலிருந்து ஆரம்பிப்பார். அதுவரைக்கும் போன் எங்கேஜ்.

டர்பனிலிருந்து செந்தில் எழுதிய கடிதம் வந்தது. ஐந்து முறை முயன்றேன், ஐந்து முறையும் எங்கேஜ், கப்பல் கிளம்பிவிட்டது என்று எழுதியிருந்தான். கமலா அதை வாங்கிச் சாமி அலமாரியில் வைத்தாள். மறுநாள் காப்பியை வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அவன் கொரலைக் கேட்டு மூணு மாசமாச்சுங்க. எனக்குன்னு ஒரு போன் வாங்கித் தாங்க. நகை நட்டுன்னு நான் உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல."

கேட்டதில்லைதான்.

3

இந்த இடத்தில் நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய மாணவர்கள் பெரிய மனது பண்ணிப் படிக்கவும்.

செந்தில் எனக்கு எழுதும் கடிதங்கள் இங்கிலீஷில் இருக்கும். நான்தான் தமிழில் கமலாவுக்கு வாசித்துக் காட்டுவேன். முதல் கடிதம் வந்த அன்று, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கோயிலில் பிரசாதத்துக்கு நிற்பதுபோல எதிரே வந்து உட்கார்ந்தாள். கடிதத்தில் இருந்தது மொத்தம் நாலு வரி. நலம், கப்பல் ராட்டர்டாம் போகிறது, என் சர்டிபிகேட் நகல் இரண்டு அனுப்பவும், இங்கே குளிர். நாற்பது நாள் காத்திருந்தவளிடம் இதை எப்படி வாசிப்பது? என் வாய் தானாகவே சேர்த்துக்கொண்டது: "இங்கே எத்தனையோ சாப்பிடுகிறேன், ஆனால் அம்மா வைக்கும் சுண்டைவற்றல் குழம்பை நினைக்காத நாள் இல்லை."

கமலா எழுந்து உள்ளே போனாள். கண்ணைத் துடைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அரை மணியில் வற்றல் வறுபடும் வாசனை வந்தது. பிள்ளை கேட்ட குழம்பை வைத்து, அவன் சார்பில் எனக்குப் பரிமாறினாள்.

சுண்டைவற்றல் குழம்பு எனக்கு உயிர். சத்தியமாக அதற்காக நான் ஆரம்பிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் வந்த கடிதங்களில் செந்தில் வேறு எந்தக் குழம்பையும் நினைத்ததில்லை.

சேர்த்ததுபோக விட்டதும் உண்டு. ஒரு கடிதத்தில், எஞ்சின் அறையில் சூடான குழாய் பட்டு இடது கையில் தோல் உரிந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். அந்தப் பத்தி இருந்த இடத்தில், வானிலை நன்றாக இருக்கிறது என்று வாசித்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று அவனுக்குத் தனியாக எழுதவும் மறந்துபோனேன்.

ஆகவே கமலா கேட்டது வெறும் போன் இல்லை. அவளும் அவனும் நடுவில் நான் இல்லாமல், அவசரமும் இல்லாமல் பேசப்போகிறார்கள். "கண்ணு, அந்தக் குழம்பை மறக்கவே இல்லியா?" என்று அவள் கேட்பாள். "எந்தக் குழம்பும்மா?" என்று அவன் கேட்பான். என் கதை அங்கே முடிந்துவிடும்.

4

தேவராஜ அரசு சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் பிரகாஷ், எங்கள் தொழிற்சாலையில் என் பிரிவில் வேலை பார்த்தவன். நான் இருப்பது தரச் சோதனைப் பிரிவு. திருகாணி, பல்சக்கரம் எது வந்தாலும் அளந்து பார்த்து, சரி அல்லது கழிவு என்று முத்திரை குத்துவது என் வேலை. ‘கழிவு’ முத்திரை சீக்கிரம் தேயும் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பிரகாஷ் வேலையை விட்டதற்கே நான்தான் காரணம் என்றும் சொல்வார்கள். ஆனால் கடைக்குப் போனதும் எழுந்து நின்றான்.

எங்கள் வீடு ஹெப்பாள் ஏரிப் பக்கம் சரியும் தெருவில், பள்ளத்தில் இருக்கிறது. அங்கே டவர் கிடைப்பது சிரமம் என்று அவனுக்கும் தெரியும். இரண்டு செட்டை எடுத்து வைத்தான். ஒன்று சின்னது, வழவழப்பு, தலையில் குமிழ் மாதிரி ஆன்டெனா. இன்னொன்று பழைய மாடல், செங்கல் கனம், இழுத்தால் ஒரு சாண் நீளத்துக்கு ஆன்டெனா வரும்.

"எது நல்லா டவர் எடுக்கும்?" என்றேன்.

"எங்க கடையில ரெண்டுமே ஃபுல்லு சார். உங்க வீட்டுல எப்படின்னு நான் சொன்னா நீங்க ஒத்துப்பீங்களா? ரெண்டையும் ஒரு வாரம் எடுத்துட்டுப் போங்க. நீங்களே பாத்துக்குங்க. ஸ்வல்ப ஜாக்கிரதையா, அவ்வளவுதான்."

"சிம் கார்டு ஒண்ணே ஒண்ணு குடு. அதையே ரெண்டுலயும் மாத்தி மாத்திப் போடுறேன். வேற வேற கம்பெனி கார்டு போட்டா நாம செட்டைச் சோதிக்கல, டவரைச் சோதிக்கிறோம்னு ஆயிரும்."

"தெரியும் சார்," என்றான் பிரகாஷ். "உங்ககிட்ட நாலு வருஷம் இருந்தேனே."

வீட்டுக்கு வந்து ஒரு நோட்டுப் போட்டேன். இடம், நேரம், தரையிலிருந்து உயரம், திரையில் டவருக்கு எத்தனை கோடு என்று பத்தி பிரித்தேன். கூடத்தில், அடுப்படியில், சாமி அலமாரியில், மொட்டை மாடியில், துவைக்கிற கல்லருகே என்று தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு நம்பர் கொடுத்தேன். கமலா காலையில் வீடு துடைத்தபோது என் வட்டங்களில் பாதி போய்விட்டது. மீதியை அவளே கோலமாக இழுத்து முடித்துவிட்டாள்.

இரண்டு செட்டுக்கும் அவள்தான் பெயர் வைத்தாள். சின்னது எந்த வட்டத்தில் வைத்தாலும் நாலு கோடு, ஐந்து கோடு என்று முகம் மலர்ந்தே இருந்தது. அது மாப்பிள்ளை. பெரியது மாடியில் வைத்தாலும் இரண்டு கோடுதான். அடுப்படியில் ஒன்று. எதைக் கொடுத்தாலும் உர்ரென்று இருந்ததால் அது பெரியப்பா.

ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றினேன். மார்க்கெட்டில் மாப்பிள்ளை ஐந்து, பெரியப்பா மூன்று. ரயிலடியில் ஐந்து, மூன்று. பழைய நினைவில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் போனேன், இந்த முறை போர்டைப் படித்துவிட்டு. பள்ளிகொண்ட பெருமாளுக்கு முன்னால் பைக்குள்ளேயே கார்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால் இரண்டிலும் ஒரு கோடுகூட இல்லை. அவ்வளவு கருங்கல்லுக்கு உள்ளே படுத்திருப்பவரை யார் கூப்பிட முடியும்? பக்கத்தில் நின்ற பெரியவர் நான் பைக்குள் என்ன தேடுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். துளசி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் நோட்டைக் கூட்டிப் பார்த்து, மாப்பிள்ளை சரி, பெரியப்பா கழிவு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

5

திங்கட்கிழமை பிரகாஷிடம் நோட்டைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான். அவன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பதினைந்து வருடம் காத்திருந்து வந்த சந்தோஷம் போல இருந்தது.

"சார், தப்பா நெனக்காதீங்க. இந்தக் கோடு இருக்கே, இது அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போடுறது. இவங்க அஞ்சு கோடுன்னா இவ்வளவு, அவங்க அஞ்சு கோடுன்னா அவ்வளவு. ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல."

நான் நோட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ரெண்டு அளவுகோலை ஒரே மாஸ்டர் கோல்ல வச்சுச் சரிபாக்காம அளக்கக் கூடாதுன்னு என்னை ஒரு நாள் பூரா நிக்க வச்சீங்களே சார். ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. ஒரு லோடு பல்சக்கரத்தைத் திருப்பி அனுப்பிய நாள் அது. இரண்டு பேர் இரண்டு அளவுகோலால் அளந்துவிட்டு இவ்வளவு அவ்வளவு என்று சண்டை போட்டபோது, முட்டாள்களா, முதலில் கோலை அளங்கடா என்று கத்தியவன் நான். அதே நான் இரண்டு செட்டின் கோட்டை எண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டெலிபோன் ஆபீஸ் கவுண்டர்காரரின் சிரிப்பை நம்பி நாலு வருடம் போன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

"அப்ப எப்படித்தான் பாக்கிறது?"

"கூப்பிட்டுப் பாருங்க சார். மணி அடிக்குதா, குரல் வருதா, எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

தெருமுனையில் ஒரு எஸ்.டி.டி. பூத் இருக்கிறது. நான் பூத்தில் நின்று கூப்பிடுவது, கமலா ஒவ்வொரு வட்டத்திலும் செட்டோடு நின்று எடுத்துப் பேசுவது என்று ஏற்பாடு. "நான் வைக்கச் சொல்ற வரைக்கும் விடாம பேசணும். அப்பத்தான் எத்தனை நிமிஷம் நிக்குதுன்னு தெரியும்" என்றேன்.

"என்னத்தைப் பேச?"

"எதையாவது பேசு."

முதல் நாள் மார்க்கெட் கத்தரிக்காய் நிலவரத்தைப் பேசினாள். இரண்டாம் நாள் என் தங்கையின் நாத்தனாரைப் பற்றிப் பேசினாள். அதை எழுத முடியாது. மூன்று நாளில் நோட்டுத் தெளிவாகிவிட்டது. மாப்பிள்ளை பத்துக்கு நாலு முறைதான் மணி அடிப்பான். அடித்தாலும் ஒன்றரை நிமிடத்துக்குமேல் நிற்கமாட்டான். ஐந்து கோட்டையும் காட்டிக்கொண்டே அறுந்துபோவான். பெரியப்பா ஒற்றைக் கோட்டில் முனகிக்கொண்டு பத்துக்கு எட்டு முறை அடித்தார். எடுத்தால், வைக்கிறவரைக்கும் விடமாட்டார்.

6

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன்.

ஒன்றரை நிமிடம். நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, எங்கே இருக்கே, அவ்வளவுக்குத்தான் இடம் இருக்கும். அதற்குள் குழம்பு வராது, கை வராது. கமலாவுக்குக் குரலும் கேட்டதாகும், என் மானமும் மிஞ்சும். இப்படி ஒரு செட்டைக் கம்பெனிக்காரன் எனக்காகவே செய்த மாதிரி இருந்தது. இருபத்தைந்து வருடம் தரம் பார்த்த மனிதன், தெரிந்தே கழிவை எடுத்துச் சரி என்று முத்திரை குத்தத் தயாரானேன்.

"மாப்பிள்ளையே இருக்கட்டும்னு பாக்கிறேன். கைக்கு அடக்கமா இருக்கு" என்றேன் கமலாவிடம்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களுக்கு எது தோதோ அதை வாங்குங்க" என்றாள்.

மனது கேட்காமல், மறுநாள் காலை ஒரு கடைசிச் சோதனை வைத்தேன். மாப்பிள்ளையை எடுத்துக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள். நான் பூத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுத்தாள். வழக்கம்போலக் கத்தரிக்காயை எதிர்பார்த்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"செந்திலு, அம்மா பேசுறேன்டா" என்றாள்.

ஒத்திகை பார்க்கிறாள்.

"கேக்குதாடா? பக்கத்து வீட்டுல இல்ல, நம்ம வீட்டு மாடியிலேருந்து பேசுறேன். அவசரப்படாம பேசலாம். அங்கன ரொம்ப வெக்கையா இருக்குமாமே கப்பலுக்கு அடியில. தண்ணி நெறையக் குடி. உங்க அப்பா எல்லாம் வாசிச்சுத்தான் காட்டுறாக. ஆனா நல்லா இருக்கேன்னு நீ உன் வாயால ஒரு தடவை..."

அங்கே அறுந்தது. ஒரு நிமிடம் இருபது விநாடி.

ரிசீவரை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஏழெட்டு நிமிட நடை. மாடிப்படி ஏறும்போதே அவள் குரல் கேட்டது. இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். ஏரியைப் பார்த்து நின்று, செட்டைக் காதோடு அமுக்கிக்கொண்டு, தறி ஓடுகிற தெருவில் பேசுகிற அதே குரலில், தீபாவளிக்குக் கரையில் இருப்பாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் யாரும் இல்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் கிட்டப் போய்ச் செட்டை மெதுவாக வாங்கிப் பார்த்தேன். திரையில் ஐந்து கோடு.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்தது என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினேன். மாடியில் எங்கே தூசி என்று அவள் கேட்கவில்லை.

அன்று மத்தியானமே மாப்பிள்ளையைப் பிரகாஷிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெரியப்பாவை வாங்கினேன். அத்தாட்சியாகக் கொடுத்த ரேஷன் கார்டில் என் அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறி இருப்பதால், சட்டப்படி அந்த போன் செத்துப்போன என் தகப்பனாரின் பெயரில் இருக்கிறது.

7

பெரியப்பா என்றாலும் எங்கள் பள்ளத்தில் அவருக்கும் எல்லா இடமும் ஒத்துவரவில்லை. கூடத்தில் பத்துக்கு ஏழு, அடுப்படியில் ஐந்து. பத்துக்குப் பத்து அடித்தது ஒரே ஒரு வட்டத்தில்தான். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், பொது மதிலோரம். இத்தனை வருடம் சாவித்திரம்மா நின்று குரல் கொடுத்த அதே இடம். வேறு இடமே இல்லையா என்று இன்னும் இரண்டு நாள் பூத்துக்கும் வீட்டுக்குமாக அலைந்து பார்த்தேன், இல்லை.

மதிலில் ஒரு ஆணி அடித்து, ஒரு மஞ்சள் பையில் பெரியப்பாவை உட்கார வைத்து, ஆன்டெனா வெளியே தெரியும்படி மாட்டினேன். மேலே ஒரு தகரத்தை நீட்டி மழைக்கு மறைவும் வைத்தேன்.

நாங்கள் செல்போன் வாங்கியது சாவித்திரம்மாவுக்கு வருத்தம். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, "நம்ம போன் பேடவா கமலம்மா?" என்று கேட்டுவிட்டார். எங்கள் போன் வேண்டாமா என்று கேட்டவருக்குக் கமலா மதிலுக்கு மேலே காப்பியை நீட்டினாள். அவர் கணவருக்கு அதைவிட வருத்தம். எல்லாம் தன் இன்டர்நெட்டால் வந்தது என்று தெரிந்து, அதே இன்டர்நெட்டில் மும்பையில் உள்ள கப்பல் கம்பெனிக்கு எங்கள் புது நம்பரை அனுப்பினார். செந்திலுக்குத் தகவல் சொல்லிவிட்டதாக மறுநாளே பதில் வந்தது. அதைத் தாளில் அச்சடித்துக் கையில் கொண்டுவந்து கொடுத்தார்.

மூன்று வாரம் பெரியப்பா வாய் திறக்கவில்லை. கமலா துவைக்கிற துணி அதிகமாயிற்று. துவைத்ததையே மறுபடியும் துவைத்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை. நான் அரை முகத்தில் சோப்போடு சவரம் செய்துகொண்டிருந்தேன். குழாய் திறந்திருந்தது. கமலா அடுப்படியில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது மதிலுக்கு அந்தப் பக்கம்.

"கமலம்மா, போன் பந்திதே" என்று சாவித்திரம்மாவின் குரல் வந்தது. கூடவே, "நிம்மதே" என்றார். உங்களோடதுதான்.

கமலா ஓடினாள். இந்த முறை வாசல் சுற்ற வேண்டியதில்லை, கொல்லைக் கதவைத் தாண்டினால் போதும். மஞ்சள் பையிலிருந்து பெரியப்பாவை எடுத்துக் காதில் வைத்தாள். நான் சோப்பு முகத்தோடு பின்னால் போய் நின்றேன். மதிலுக்கு மேலே சாவித்திரம்மாவின் தலை தெரிந்தது. திரையில் இரண்டு கோடு.

"செந்திலு," என்றாள் கமலா. "கை ஆறிருச்சாடா?"

எனக்குக் கையிலிருந்த கத்தி நழுவியது. நல்லவேளை, துவைக்கிற கல்லில் விழுந்தது.

அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கமலாவின் முகம் மட்டும் தெரிந்தது. "இன்னொரு தடவை சொல்லு," என்றாள். பிறகு, "நல்லா இருக்கியா. சரி. சரிடா" என்றாள். தீபாவளியைக் கேட்டாள், எண்ணெயைக் கேட்டாள். நடுவில் செட்டை மதிலுக்கு மேலே நீட்டினாள். சாவித்திரம்மாவும் இரண்டு நிமிடம் கன்னடத்தில் பேசிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பெரியப்பா அசையவில்லை.

கடைசியில் கமலா என் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னாள். "கடுதாசியெல்லாம் அப்பா வாசிச்சுக் காட்டுறாகடா. நல்லா இருக்கு. அதை மட்டும் நிறுத்திராதே."

பதினோரு நிமிடம். அவன் கார்டுதான் தீர்ந்தது, எங்கள் பக்கம் அறுந்துபோகவில்லை. என் நோட்டில் அதுதான் கடைசிப் பதிவு.

பெரியப்பாவைப் பையில் உட்கார வைத்துவிட்டுக் கமலா உள்ளே வந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"கை விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"சாவித்திரம்மாவுக்கு அவன் கன்னடத்துல எழுதுறான்ல. பண்டிகை வாழ்த்துன்னு நீங்க நெனச்சுக்கிட்டிருந்தீக. அந்தம்மா ஒரு வரி விடாம மதில்ல நின்னு வாசிச்சுச் சொல்லிரும்."

"எப்பலேருந்து?"

"மொதக் கடுதாசியிலேருந்து."

இரண்டு வருடம். நான் ஒரு கடிதத்தைக் கூடத்தில் வாசிப்பேன். சாவித்திரம்மா ஒன்றைக் கொல்லையில் வாசிப்பார். கமலா இரண்டையும் கேட்டு, ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்கு அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள்.

"அந்தச் சுண்டைவத்தக் கொழம்பு..." என்று இழுத்தேன்.

"அவனுக்குச் சின்ன வயசுலேருந்தே ஆகாது. நாக்குல வச்சா கசக்குதுன்னு துப்பிருவான். மறந்துட்டீகளா?"

மறந்துதான் போயிருந்தேன். சோப்பு காய்ந்து கன்னத்தை இழுத்தது.

"தெரிஞ்சும் ஏன் ஒவ்வொரு கடுதாசிக்கும் வச்சே?"

கமலா மேல் தட்டிலிருந்து வற்றல் டப்பாவை எடுத்து, காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"கடுதாசி எழுதினவுகளுக்குப் பிடிக்குமே" என்றாள்.